மைண்ட்ஃபுல் செல்ஃப்-கம்பாஷன் 8 வார வகுப்பு: எது கைகொடுக்கிறது, எங்கே குறைகிறது

நெருங்கிய நண்பர் ஒருவர் வேலையில் பெரிய தவறு செய்துவிட்டு, இடிந்துபோய் வந்து உட்காருகிறார். அவரிடம் என்ன சொல்வீர்கள், எந்தக் குரலில் சொல்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதே மாதிரி தவறை நீங்களே செய்த நாளில் உங்களுக்குள் என்ன ஓடியது, எந்தக் குரலில் ஓடியது என்று மறுபக்கத்தில் எழுதுங்கள். மைண்ட்ஃபுல் செல்ஃப்-கம்பாஷன் வகுப்பின் முதல் நாள் பயிற்சி இதுதான். எழுதிப் பார்ப்பவர்களுக்கு வார்த்தையைவிடக் குரலில்தான் வித்தியாசம் உறைக்கும். நண்பரிடம் "சரி விடு, பார்த்துக்கலாம்" என்று இறங்கி வருகிற குரல், தன்னிடம் திரும்பும்போது "உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை" என்று கரகரக்கிறது. அந்த இரண்டு பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 8 வாரம் கழித்து எடுத்துப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இந்த வகுப்பை 2010-ல் உருவாக்கியவர்கள் இருவர். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப், தன்மீதான கனிவை ஆராய்ச்சிக்குரிய விஷயமாக்கியவர். மருத்துவ உளவியலாளர் கிறிஸ்டஃபர் ஜெர்மர், பதற்றமும் வெட்கமும் கொண்டு வருகிறவர்களோடு நெடுங்காலம் வேலை செய்தவர். வாரம் ஒரு அமர்வு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். 5-ஆவது வாரத்துக்குப் பிறகு 4 மணி நேர மௌன அமர்வு ஒன்று. வீட்டில் நாளுக்கு 30 நிமிடப் பயிற்சி. நேரிலும் நடக்கிறது, இணையத்திலும் நடக்கிறது. 5 நாளில் முடிக்கும் சுருக்க வடிவமும் உண்டு. அதைவிட 8 வார வடிவமே மேல் என்பேன். இந்தப் பயிற்சிகள் படிவது இரண்டு அமர்வுகளுக்கு நடுவே வரும் ஆறு நாள்களில்தான். சண்டை, தாமதம், மறதி, எரிச்சல் எல்லாம் அந்த ஆறு நாள்களில்தானே வருகின்றன.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். செல்ஃப்-கம்பாஷன் என்றதும் தமிழில் கைக்கு முதலில் வருவது "தன்னிரக்கம்". அது அடியோடு வேறு. தன்னிரக்கம் என்றால் "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று மூலையில் உட்காருவது. இந்த வகுப்பு கற்றுத்தருவது அதற்கு நேர் எதிர். ஆகவே இங்கே "தன்கனிவு" என்றே எழுதுகிறேன். மூன்று பொருள்கள் சேர்ந்தால்தான் அது தன்கனிவு: வலிக்கிறது என்று மழுப்பாமல் கவனிப்பது, இது மனிதர்கள் எல்லோருக்கும் நேர்வது என்று உணர்வது, தன்னிடம் கனிவாக நடந்துகொள்வது. இரண்டாவது இல்லாமல் மூன்றாவது மட்டும் இருந்தால் அது செல்லம் கொடுத்தல். முதலாவது இல்லாவிட்டால் வெறும் சமாதானம்.

வகுப்பின் அச்சாணி "தன்கனிவு இடைவேளை" என்கிற சிறு பயிற்சி. 3 நிமிடம் போதும், பழகினால் 30 வினாடியிலும் முடியும். ஏதாவது ஒரு சங்கடத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். 10-க்கு 3 அளவு கனமுள்ளதை எடுக்கச் சொல்கிறார்கள், அது மிகச் சரி. 9 அளவு துயரத்தை முதல் வாரமே தூக்கினால் பயிற்சி நடக்காது, துயரம்தான் நடக்கும். பிறகு மூன்று படிகள். "இது கஷ்டமா இருக்கு" என்று பெயர் சொல்வது முதல் படி. கஷ்டம் மனித வாழ்க்கையின் பகுதி என்று நினைவூட்டுவது இரண்டாவது. நெஞ்சில் கை வைத்து, "இப்ப எனக்கு என்ன தேவை?" என்று கேட்டு, அந்தத் தேவைக்கு ஏற்ற ஒரு சொல்லைத் தன்னிடமே சொல்வது மூன்றாவது.

இதைத் தமிழில் செய்கிறவர்கள் இரண்டாம் படியில்தான் வழுக்கி விழுகிறார்கள். "எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த "தானே" பயிற்சியையே கவிழ்த்துவிடும். ஒருவர் அழும்போது அவர் வாயை அடைக்க நாம் பயன்படுத்துகிற வாக்கியம் அது. சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த மனம், அதைக் கேட்டதும் சுருங்கிக்கொள்ளும். "என்னை மாதிரி இன்னும் எத்தனையோ பேருக்கு இது வலிச்சிருக்கும்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருள் ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியம் வலியைச் சிறிதாக்குகிறது, இரண்டாவது தனிமையைச் சிறிதாக்குகிறது. பயிற்சிக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

மூன்றாம் படியில் வேறொரு தவறு நடக்கும். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "சரி, இப்போது வருத்தம் போக வேண்டும்" என்று காத்திருப்பது. போகாது. போகாததைப் பார்த்து, "இதுகூட எனக்கு வரவில்லை" என்று புது வசவு தொடங்கும். வகுப்பில் இதற்கு ஒரு தெளிவான விதி இருக்கிறது: வருத்தத்தைப் போக்குவதற்காகக் கனிவு காட்டுவதில்லை, வருத்தமாக இருப்பதால் காட்டுகிறோம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியில் கை வைப்பது காய்ச்சல் இறங்கும் என்பதற்காக அல்ல. ஆசிரியர் இந்த விதியை ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு வகையில் நினைவூட்ட வேண்டும். ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுக் கடந்து போகிறவர் என்றால் பயிற்சி வெறும் உத்தியாகிவிடும்.

நெஞ்சில் கை வைப்பது எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் வகுப்பு கணக்கில் எடுத்திருக்கிறது. கன்னத்தில் கை, வயிற்றில் கை, ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொள்வது, தோள்களைத் தழுவிக்கொள்வது என்று ஏழெட்டு விதங்களைச் செய்து பார்க்க வைத்து, எது உடம்புக்கு இதமாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தன் உடம்பைத் தொடுவதே பழைய காயத்தைக் கிளறும் என்றால் தொடவே வேண்டாம். உள்ளங்கால் தரையில் பதிவதைக் கவனித்தாலே போதும்.

பின்தீ

ஒரு சேவையின் தரம், அது சொதப்பும் இடத்தில் என்ன செய்கிறது என்பதில் தெரியும். இந்த வகுப்பை மற்ற அமைதி வகுப்புகளிலிருந்து உயர்த்தி நிறுத்துவது 2-ஆம் வாரம் அது பேசும் "பேக்டிராஃப்ட்", தமிழில் பின்தீ. தீயணைப்பு வீரர்களின் சொல் இது. பூட்டிய அறைக்குள் தீ புகைந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால் காற்று புகுந்து தீ குபீரென்று வெளியே பாயும். பல வருடங்களாக மூடிவைத்த மனதுக்குள் கனிவு நுழையும்போதும் அப்படித்தான். நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டதும் அழுகை பீறிடும், பழைய அவமானம் ஒன்று எழுந்து வரும், காரணம் தெரியாத எரிச்சல் வரும், சிலருக்கு உடம்பு மரத்துப்போனது போல இருக்கும். தொடக்க வாரங்களில் சிலர் "இது எனக்கானது இல்லை" என்று விலக இதுவும் ஒரு காரணமாகலாம். இது பயிற்சி தோற்றதன் அடையாளம் இல்லை, பயிற்சி வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் விலகத் தோன்றாது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியதும் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. "இது பின்தீ" என்று பெயர் சொல்லுங்கள். எழுந்து நின்று, கவனத்தை உள்ளங்காலுக்குக் கொண்டுபோய், முன்னும் பின்னும் மெல்லச் சாய்ந்து எடை எங்கே அழுந்துகிறது என்று பாருங்கள். அதற்கும் அடங்கவில்லையா, பயிற்சியை அன்றைக்கு நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, நடந்துவிட்டு வருவது என்று கைக்கும் காலுக்கும் வேலை கொடுங்கள். நிறுத்துவதும் தன்கனிவுதான் என்று வகுப்பு சொல்கிறது. மனதைத் திறக்கவும் மூடவும் உரிமை உங்களுடையது. "வலிக்க வலிக்க உட்கார்" என்று சொல்லும் ஆசிரியரிடம் இந்த வகுப்பைப் படிக்காதீர்கள்.

இதே காரணத்தால் இது எல்லோருக்கும் எல்லா நேரத்துக்கும் ஏற்றதல்ல. கடும் மனச்சோர்வில் இருப்பவர், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உள்ளவர், சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர், போதைப் பழக்கத்தோடு போராடிக்கொண்டிருப்பவர் முதலில் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ பேச வேண்டும். வகுப்பு சிகிச்சை அல்ல. நல்ல ஆசிரியர்கள் சேர்க்கும் முன்பே ஒரு படிவம் கொடுத்து இதையெல்லாம் கேட்பார்கள். படிவமே இல்லாமல் பணம் வாங்கிக்கொண்டு இணைப்பை அனுப்பிவிடுகிற இடம் என்றால் தயங்குங்கள்.

வசவும் வாழ்த்தும்

3-ஆம் வாரம் அன்பு வாக்கியங்கள். இரண்டிலிருந்து நான்கு வாக்கியங்களை அவரவரே உருவாக்கித் தியானத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். உருவாக்கும் வழி எளிது. எனக்கு உண்மையில் என்ன தேவை என்று முதலில் கேட்டுக்கொள்வது. பிறர் வாயிலிருந்து எந்தச் சொல்லைக் கேட்டால் நிம்மதியாக இருக்கும் என்று அடுத்துக் கேட்டுக்கொள்வது. கிடைத்த சொல்லை ஒரு விருப்பமாக மாற்றுவது. விருப்பமாக மாற்றுவது முக்கியம். "நான் தைரியசாலி" என்று அறிவித்தால் மனம் உடனே மறுத்துப் பேசும், நீ பயந்து நடுங்கிய நாளெல்லாம் பட்டியலிடும். "எனக்குத் தைரியம் வரணும்" என்றால் மறுக்க எதுவும் இல்லை.

"நான் நலம் பெறுவேனாக" என்பது போன்ற மேடைத் தமிழ் இங்கே எடுபடாது. தலையில் ஏறும், நெஞ்சில் இறங்காது. நமக்கு இருக்கவே இருக்கிறது "நல்லா இரு". யாரோ ஒருவர் நம் தலையில் கை வைத்துச் சொல்லி எங்கோ கேட்ட குரல் அதற்குள் இருக்கிறது. தன்னையே பெயர் சொல்லி அழைத்து, "நல்லா இருப்பா", "நல்லா இரும்மா" என்று சொல்லும்போது வேறு எந்த மொழிபெயர்ப்பும் தராத இளக்கம் வருகிறது. கூச்சமாக இருக்கும். முதல் வாரம் முழுக்கக் கூச்சமாகவே இருந்தாலும் மாற்ற வேண்டாம்.

4-ஆம் வாரம்தான் வகுப்பின் மிகக் கூர்மையான அமர்வு. "தன்னைத் திட்டாவிட்டால் சோம்பேறியாகிவிடுவேன்" என்கிற நம்பிக்கையை அது கையில் எடுக்கிறது. மாற்ற நினைக்கும் ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றக்கூடிய பழக்கமாக இருக்க வேண்டும், நிறம், உயரம் மாதிரி மாற்ற முடியாததாக இருக்கக் கூடாது. அதைச் செய்யும்போது உள்ளே திட்டும் குரல் என்ன சொல்கிறது என்று சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். அந்தத் திட்டு எவ்வளவு வலிக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு, அந்தக் குரல் எதிலிருந்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும். "நீ தோத்துடுவியோன்னு பயமா இருக்கு", "உன்னை நாலு பேர் சிரிச்சுடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்று ஏதாவது பதில் வரும். கடைசியாக, அதே அக்கறையை அடிக்காமல் சொல்கிற ஒரு குரலில் தனக்கு ஒரு கடிதம்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதை எந்த ஆசிரியரும் விட்டுவிடக் கூடாது. உள்ளே திட்டும் குரல், முன்பு உங்களைக் கொடுமைப்படுத்திய ஒருவரின் குரலாக இருந்தால், அதில் நல்லெண்ணம் தேட வேண்டியதில்லை, நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. நேராகக் கடிதத்துக்குப் போய்விடலாம்.

சோம்பேறியாகிவிடுவோம் என்ற பயத்துக்கு ஆராய்ச்சியிலும் பதில் இருக்கிறது. 2012-ல் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொல்திறன் தேர்வில் திணறிய மாணவர்களில் தன்கனிவோடு அணுகும்படி தூண்டப்பட்டவர்களே அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். 2010-ல் வோல், பிச்சில், பென்னட் மூவரும் கல்லூரி முதலாமாண்டு மாணவர்களிடம் பார்த்ததும் இதையே காட்டுகிறது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தன்னை மன்னித்துக்கொண்டவர்களிடம், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. புத்தகத்தைத் திறந்தாலே வசவு கேட்கும் என்றால் மனம் புத்தகத்தின் பக்கமே போகாது.

5-ஆம் வாரம் வாழ்க்கை மதிப்புகள் பற்றியது. பயனுள்ளதுதான், ஆனால் இழுக்கிறது. அதற்குப் பின் வரும் மௌன அமர்வில் உடலைத் தலையிலிருந்து கால்வரை கவனிப்பதும், வெளியே மெதுவாக நடந்து கண்ணுக்கும் காதுக்கும் பட்டதை ரசிப்பதும் இருக்கும். தொலைபேசியை அணைத்து வைக்க முடியாத வீட்டில் இருந்துகொண்டு இணையத்தில் அதைச் செய்தால் பாதிதான் கிடைக்கும்.

6-ஆம் வாரத்தின் "இளக்கு, ஆற்று, இருக்க விடு" பயிற்சியை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். கோபமோ துக்கமோ வரும்போது முதலில் அதன் பெயரைச் சொல்வது. மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது, மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு தணிவது பதிவானது. அடுத்து அந்த உணர்ச்சி உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவது: தொண்டையில் கட்டியாக, வயிற்றில் முடிச்சாக, தாடையில் இறுக்கமாக. அந்த இடத்தைச் சுற்றியுள்ள தசையை ஓரங்களிலிருந்து இளக்குவது. நடுவிலிருந்து தொடங்கினால் இன்னும் இறுகும். பிறகு அங்கே கை வைத்து ஆறுதல் சொல்வது. கடைசியாக, அது போனாலும் சரி, இருந்தாலும் சரி என்று விடுவது. மூன்றையும் வரிசையாகச் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. நெரிசலில் நிற்கும்போது இளக்குவது ஒன்றே போதும்.

பிறரிடம் வரும்போது

இந்த மதிப்பாய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். தன்னிடம் கனிவு, பிறரிடம் கனிவு இரண்டும் ஒரே தசையால் நடப்பவை என்றே எனக்குத் தோன்றுகிறது. தன்னை அடித்துக்கொள்கிறவருக்குப் பிறரிடம் தவறை ஒப்புக்கொள்வது உயிர்போகிற வேலை, ஏனென்றால் ஒவ்வொரு ஒப்புதலும் உள்ளே இன்னொரு சாட்டையடி. அதனால் மழுப்புவார், இல்லை காலில் விழுவார். இரண்டும் எதிரில் இருப்பவருக்கு உதவாது. வகுப்பு இந்தத் தசையை நன்றாகப் பலப்படுத்துகிறது. ஆனால் அதை வைத்து உறவில் என்ன செய்வது என்பதற்கு 7-ஆம் வாரம் ஒன்றைத்தான் ஒதுக்கியிருக்கிறது. அது போதாது.

அந்த அமர்வில் இருப்பது நல்லதுதான். மூச்சை உள்ளே இழுக்கும்போது தனக்கும், வெளியே விடும்போது எதிரில் இருப்பவருக்கும் கனிவை நினைப்பது, கடினமான பேச்சுவார்த்தைக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய பயிற்சி. நோயாளியை, முதியவரை, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான சமநிலைப் பயிற்சி இன்னும் அருமை. இவருடைய வேதனைக்கு நான் காரணமல்ல, நான் நினைத்தாலும் அதை முழுவதும் நீக்க முடியாது, ஆனாலும் இயன்றால் உதவ விரும்புகிறேன் என்ற பொருளில் அமைந்தது அது. ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வும் இதோடு பொருந்துகிறது: அடுத்தவர் வலியை அப்படியே தன் வலியாக உணரப் பழகியவர்களுக்குத் துயரம் கூடியது, அதற்குப்பின் கருணைப் பயிற்சி எடுத்தபோது அது தணிந்து இதமான உணர்வு கூடியது. பார்த்துக்கொள்கிறவர் களைத்துப்போவது அன்பு அதிகமாகிவிட்டதால் அல்ல.

வகுப்பில் விரிவாக இல்லாதது, நாம் பிறரைக் காயப்படுத்திய பிறகு என்ன செய்வது என்பது. மன்னிப்புக் கேட்கும் முறையை வெளியிலிருந்துதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ராய் லெவிக்கி குழு 2016-ல் மன்னிப்புக் கேட்பதன் ஆறு கூறுகளைப் பரிசோதித்தது: வருத்தம் தெரிவிப்பது, என்ன நடந்தது என்று விளக்குவது, பொறுப்பேற்பது, இனிச் செய்யமாட்டேன் என்பது, ஈடுசெய்ய முன்வருவது, மன்னித்துவிடு என்று கேட்பது. மிக முக்கியமாக அமைந்தது பொறுப்பேற்பது. அடுத்து ஈடுசெய்வது. கடைசி இடம், மன்னித்துவிடு என்று கேட்பதற்கு. நாம் வழக்கமாகத் தொடங்குவதே அந்தக் கடைசியிலிருந்துதான்.

கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்ன தம்பி மறந்துவிட்டான். தன்னை அடித்துக்கொள்ளும் மன்னிப்பு இப்படி இருக்கும்: "சாரிக்கா, நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன், எப்பவும் இப்படித்தான், என்னை நம்பினதே உன் தப்பு." உடனே அக்கா, "அடச்சீ, அப்படியெல்லாம் பேசாதடா" என்று அவனைத் தேற்ற ஆரம்பிப்பாள். காயம்பட்டவளே மருந்தும் போட வேண்டியதாகிவிட்டது. தன்னைத் திட்டாமல் கேட்கும் மன்னிப்பு: "அக்கா, வர்றேன்னு சொல்லிட்டு வரல. நீ தனியா அலைஞ்சிருக்க. அது என் தப்பு. அடுத்த செக்கப் என்னிக்குன்னு சொல்லு, இப்பவே போன்ல போட்டுக்கறேன்." இதில் அவன் எப்படிப்பட்டவன் என்ற பேச்சே இல்லை, நடந்தது மட்டும் இருக்கிறது. 4-ஆம் வாரப் பயிற்சியை உண்மையாகச் செய்தவருக்குத்தான் இரண்டாவது வகை வாயில் வரும். மன்னிப்புக் கேட்கப் போவதற்கு முன்னால் 2 நிமிடம் தன்கனிவு இடைவேளை எடுத்துவிட்டுப் போனால் வெட்கம் பின்னுக்குப் போய், எதிரில் இருப்பவரின் முகம் கண்ணுக்குத் தெரியும்.

மன்னிக்கிற பக்கத்துக்கு, மன்னிப்பை ஆராயும் உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் வகுத்த ஐந்து படிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: காயத்தை நினைவுகூர்வது, காயப்படுத்தியவரின் நிலையிலிருந்து பார்க்க முயல்வது, மன்னிப்பை ஒரு கொடையாகத் தருவது, அதை உறுதிசெய்வது, சந்தேகம் வரும்போது அந்த உறுதியைப் பற்றிக்கொள்வது. முடிவால் மன்னிப்பது வேறு, உணர்வால் மன்னிப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டுவது பெரிய நிம்மதி. பழிவாங்க மாட்டேன் என்று இன்றைக்கே முடிவெடுக்கலாம். மனம் ஆற மாதங்கள் ஆகலாம், அது முதல் முடிவைப் பொய்யாக்காது. மன்னித்தால் மறுபடி பழக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொடர்ந்து அடிக்கிறவரிடம், ஏமாற்றுகிறவரிடம் எல்லை போடுவதுதான் தன்கனிவு. வலியை உணராமல் மன்னிக்க முடியாது என்ற வகுப்பின் வரிசையும் சரியானது. அவசரமாக மன்னித்தவர்கள் ஆறு மாதம் கழித்து அதே கதையை அதே சூட்டோடு சொல்வதைக் கவனித்திருப்பீர்கள்.

அன்றாடச் சின்ன உரசல்களுக்கு இன்னொரு கருவி, ஜப்பானில் யோஷிமோட்டோ இஷின் உருவாக்கிய நைகான். ஒருவரை மனதில் வைத்து மூன்று கேள்விகள்: அவரிடமிருந்து நான் என்ன பெற்றேன், அவருக்கு நான் என்ன கொடுத்தேன், அவருக்கு நான் என்ன தொந்தரவு தந்தேன். அவர் எனக்கு என்ன தொந்தரவு தந்தார் என்ற நாலாவது கேள்வி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது, அதற்கு நமக்குப் பயிற்சி தேவைப்படாது. வாரம் ஒருமுறை, ஒரே ஆளைப் பற்றி, 15 நிமிடம் எழுதினால் போதும். ஒரு எச்சரிக்கை: உங்களைக் கொடுமைப்படுத்தியவரை வைத்து இதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே தன்னைத் திட்டிக்கொள்ளும் பழக்கம் முற்றியவர்கள் 4-ஆம் வாரம் முடியும்வரை தள்ளிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் மூன்றாவது கேள்வி சாட்டையாகிவிடும்.

அளவும் ஆதாரமும்

சேரும்போதும் முடிக்கும்போதும் நெஃப் 2003-ல் வெளியிட்ட 26 கேள்வி கொண்ட அளவுகோலை நிரப்பிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆறு பிரிவுகள் உண்டு. தன்னைத் தீர்ப்பிடுவது, தனித்துப்போவது, உணர்ச்சியில் அமிழ்ந்துபோவது என்ற மூன்றையும் தலைகீழாகக் கணக்கிட்டு, ஆறின் சராசரியை எடுக்க வேண்டும். தலைகீழாக்க மறந்து மொத்தத்தைக் கூட்டிவிட்டு, குறைந்துவிட்டதே என்று கலங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. மொத்த எண்ணைவிடப் பிரிவு எண்களைப் பாருங்கள். கனிவு ஏறாமல், தீர்ப்பிடுவது மட்டும் இறங்கியிருந்தாலும் அது நல்ல முன்னேற்றமே. எதிர்மறைக் கேள்விகளைக் கலந்ததால் இந்த அளவுகோல் மனநலத்தோடான தொடர்பைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று பீட்டர் மியூரிஸ் போன்றவர்கள் விமர்சித்திருக்கிறார்கள். அதுவும் பிரிவுகளைத் தனித்தனியே பார்க்க ஒரு காரணம்.

வகுப்பு பலன் தருமா என்பதற்கு நெஃபும் ஜெர்மரும் 2013-ல் வெளியிட்ட சோதனை இருக்கிறது. குலுக்கல் முறையில் பிரித்து, வகுப்புக்காகக் காத்திருப்போரோடு ஒப்பிட்டபோது வகுப்பில் இருந்தவர்களுக்குத் தன்கனிவு கூடியது, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. ஆனால் குழு சிறியது, பெரும்பாலும் பெண்கள், பலர் ஏற்கெனவே தியானப் பழக்கம் உள்ளவர்கள், சோதித்தவர்களே வகுப்பை உருவாக்கியவர்கள். நம்பலாம், அளந்து நம்புங்கள்.

வீட்டுப் பயிற்சியின் 30 நிமிடத்தை ஒரே மூச்சில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை. காலையில் 10 நிமிடம் மூச்சுத் தியானம், பகலில் நாலைந்து முறை இடைவேளை, இரவில் சிறிது எழுத்து என்று பிரித்தால் நிலைக்கிறது. 1979-ல் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்பு வகுப்பு நாளுக்கு 45 நிமிடம் கேட்கும், அதோடு ஒப்பிட்டால் இது லேசு. மனம் ஓரிடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறவர்கள் அதை முதலில் படிக்கலாம். உள்ளே திட்டு ஓயவில்லை என்பவர்கள் நேராக இதற்கு வரலாம். மருத்துவமனை வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் வீதம் 6 அமர்வுகள் கொண்ட தனி வடிவமும் உண்டு. தியானத்தைத் தவிர்த்துவிட்டு வேலைக்கு நடுவே செய்கிற பயிற்சிகளை மட்டும் தருகிறார்கள்.

சேரும் முன் நாலு கேள்வி கேளுங்கள். ஆசிரியர் முறையாகப் பயிற்சி பெற்றவரா, குழு பெரிதென்றால் இரண்டாவது ஆசிரியர் இருக்கிறாரா, அமர்வுக்கு நடுவே யாராவது உடைந்து அழுதால் என்ன செய்வார்கள், ஒரு வாரம் தவறினால் எப்படி ஈடுசெய்வது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

சேர்ந்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள். ஒலிப்பதிவு தருகிறார்கள் என்றாலும், உங்களுக்கு நெருக்கமான பேச்சுத் தமிழில், உங்கள் குரலிலேயே தன்கனிவு இடைவேளையைத் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூன்று மூச்சு இடைவெளி விடுங்கள். பதிவு செய்யும்போது அது அநியாயத்துக்கு நீளமாகத் தோன்றும், கண்ணை மூடிக் கேட்கும்போது சரியாக இருக்கும். முதல் பதிவில் குரல் செய்தி வாசிப்பது போல விறைப்பாகத்தான் வரும். அழித்துவிட்டு, முதல் நாள் எழுதிய தாளின் முதல் பக்கத்தை எடுத்து, நண்பரிடம் பேசிய அந்தக் குரலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, மறுபடி பதிவு செய்யுங்கள்.